கையேட்டில் டாக்டர், பதிவேட்டில் வியாபாரம்

கேள்வி: எங்கள் சங்கம் அம்பாசமுத்திரம் பக்கம் 2011-இல் பதிவானது. பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம், மாதம் ஒரு மருத்துவ முகாம் வைக்கிறோம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, சங்கத்தின் துணைச் செயலாளர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் செய்த வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு கம்பெனி இப்போது சமூகப் பொறுப்பு நிதி தர முன்வந்திருக்கிறது. நிர்வாகக் குழுவினர் ஏழு பேரின் படிப்பும் தொழில் பின்னணியும் கேட்கிறார்கள். செயலாளர் அண்ணாச்சி ஒரு கையேடே அச்சடித்துவிட்டார். தலைவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டிருக்கிறது. அவர் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பணம் கட்டி வாங்கிய கௌரவப் பட்டம் அது. பொருளாளரை ‘ஆடிட்டர்’ என்று போட்டிருக்கிறார்கள். அவர் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர், சி.ஏ. முடிக்கவில்லை. குழுவில் உள்ள வக்கீல்தான் சங்கத்தின் இடத் தகராறு வழக்கையும் நடத்துகிறார். இன்னொருவர் அரசுப் பள்ளியில் பணியில் இருக்கிறார். ஏழாவதாகப் போட்டிருக்கும் சித்த மருத்துவருக்குத் தன் பெயர் குழுவில் இருப்பதே தெரியாது. கையேட்டை அச்சடித்தது பொருளாளரின் மைத்துனர் அச்சகம். ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை’ என்று செயலாளரும் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். “டீச்சர், எல்லா இடத்திலும் இப்படித்தான். பிள்ளைகளுக்குத்தானே” என்கிறார் அண்ணாச்சி. போடலாமா? மறுத்தால் என்னை நீக்கிவிட முடியுமா?

பதில்: போடாதீர்கள், டீச்சர். இப்போது இருக்கிற வடிவத்தில் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து விழக் கூடாது. திருத்திய பிறகு தாராளமாகப் போடலாம். திருத்துவது நீங்கள் நினைப்பதைவிட எளிது.

முதலில் அண்ணாச்சியின் பயத்தைப் போக்க வேண்டும். குழுவில் பெரிய பட்டம், பெரிய பதவி இல்லாவிட்டால் சங்கத்துக்கு மதிப்பு இல்லை என்று அவர் நினைக்கிறார். சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும், ஒருவரின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. என்ன படித்திருக்க வேண்டும், என்ன வேலை பார்த்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பாத்திரக்கடைக்காரர் தலைவராக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வேறொன்றுதான் உறுத்தியது. பீடி சுற்றும் பெண்களுக்கான சங்கத்தில், ஏழு பேரில் ஒருவர்கூட பீடி சுற்றுபவர் இல்லை. ‘இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறார், இரண்டு பிள்ளைகள் எங்கள் மாலை வகுப்பில் படித்தவர்கள்’ என்று ஒரு தாயைப் பற்றி நாலு வரி உண்மையாகப் போட முடிந்தால், அந்த டாக்டர் பட்டத்தைவிட அது நூறு மடங்கு பேசும். அடுத்த பொதுக்குழுவில் யோசியுங்கள்.

ஆக, சட்டம் தகுதி கேட்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தால் உண்மையை எழுது என்கிறது. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமே அமைப்புக் குறிப்பில் நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் மூன்றையும் எழுதச் சொன்னது. உங்கள் சங்கத்தின் பழைய ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். தலைவர் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், ‘வியாபாரம்’ என்றுதான் இருக்கும். அந்த ஆவணங்கள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். கம்பெனிக்காரர்களும் வாங்கலாம். பதிவேட்டில் வியாபாரம், கையேட்டில் டாக்டர் என்று இரண்டு தாள்கள் ஒரே மேசைக்கு வந்தால், அதன் பிறகு உங்கள் சங்கம் சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட அவர்கள் நம்ப மாட்டார்கள்.

இந்த டாக்டர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவை மட்டும்தான் பட்டம் கொடுக்கலாம். ஏதோ ஒரு ‘சர்வதேச’ அமைப்பு ஓட்டல் மண்டபத்தில் சால்வை போட்டுக் கொடுக்கும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. ஊர் விழா அழைப்பிதழில் அதைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் சங்கம் மருத்துவ முகாம் நடத்துகிறதே, அங்கேதான் ஆபத்து. முகாம் நோட்டீஸில் ‘டாக்டர்’ என்று ஒரு பெயர் இருந்தால், இருமலோடு வரும் பெண் அவரிடம்தான் நெஞ்சைக் காட்டுவாள், மாத்திரை கேட்பாள். நல்ல மனதோடு அவர் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாலும் பிரச்சினை வேறாகிவிடும். பதிவு பெறாமல் நவீன மருத்துவம் பார்ப்பதற்கு 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆகவே கையேட்டில் மட்டுமல்ல, முகாம் பேனரிலும் ரசீதுப் புத்தகத்திலும் அந்தச் சொல் போக வேண்டும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? பொய் என்று தெரிந்துகொண்டே ஒன்றைச் சொல்லி, அதை நம்ப வைத்துப் பணம் தரச் செய்வது ஏமாற்றுதல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆம் பிரிவு. பழைய 420-இன் இடத்தில் வரும் 318(4)-இல் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. மிகைப்படுத்திய ஒவ்வொரு வரியும் குற்றமாகிவிடாது. அந்த வரியை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வழி உங்களுக்கு இல்லை. யார் எப்படி என்று வரிசையாக எனக்கே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, இந்த விவரம் அந்தக் கம்பெனியோடு நின்றுவிடாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுப்படி வரும் நிதியைச் சங்கம் வாங்க வேண்டுமென்றால், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தை மத்திய அரசின் தளத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். தொழில் செய்யும் சி.ஏ., கம்பெனி செயலர், செலவுக் கணக்காளர் இவர்களில் ஒருவர் அதைச் சரிபார்த்துச் சான்று அளிக்க வேண்டும். நிர்வாகிகள் பெயர் அங்கேயும் போகும்.

பொருளாளர் விஷயம் வேறு மாதிரி. நம் பக்கம் வரிக் கணக்கு பார்க்கும் எல்லோரையும் மரியாதைக்கு ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். ஆனால் நன்கொடை தருபவர் அதைச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்றுதான் படிப்பார். சி.ஏ.க்களின் கழகத்தில் உறுப்பினர் அல்லாத ஒருவர் தன்னை அப்படிக் காட்டிக்கொள்வதை 1949-ஆம் ஆண்டுச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தண்டிக்கிறது. ‘வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகள் தயாரிப்பவர்’ என்று போட்டு, எத்தனை வருட அனுபவம் என்பதையும் சேர்த்தால் போதும். பொருளாளருக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி என்ன வேண்டும்? சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவர் மட்டும் குழுவுக்கு வெளியே இருக்கும் சி.ஏ.வாக இருக்கட்டும். அவர் தரும் அறிக்கையில் 18 இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அவர்களுடைய கழகத்தின் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

அடுத்து என் தொழில்காரர். அவர் வக்கீல்தான், கையேட்டில் பொய் இல்லை. ஆனாலும் தவறு இருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் நடத்தை பற்றிய பகுதியில் 8-ஆவது விதி, ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருக்கும் வக்கீல் அந்தச் சங்கத்துக்காகவோ எதிராகவோ நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாது என்கிறது. ஃபீஸ் வாங்காமல் செய்கிறேன் என்று அவர் சொல்லலாம். அந்த விலக்கு வழக்கறிஞர் மன்றம், வழக்கறிஞர் சங்கம் போன்றவற்றுக்குத்தான், உங்கள் சங்கத்துக்கு வராது. ஒன்று குழுவிலிருந்து விலகி வழக்கை நடத்தட்டும், இல்லையென்றால் குழுவில் இருந்துகொண்டு வக்காலத்தை இன்னொருவரிடம் கொடுக்கட்டும். இடத் தகராறு வழக்கில் எதிராளி வக்கீல் இதைக் கையில் எடுத்தால் சங்கத்துக்குத்தான் சங்கடம். தயங்காமல் அவரிடம் பேசுங்கள். விதியைக் காட்டினால் புரிந்துகொள்வார்.

அரசுப் பள்ளி ஆசிரியர் 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். தொண்டு வேலைதானே என்று விடாமல், துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி நகலைச் சங்கக் கோப்பில் வைக்கட்டும். பின்னால் வெளிநாட்டு நிதிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதை முன்னதாகவே தீர்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு நிதி பற்றிய சட்டம் அரசு ஊழியர்கள் விஷயத்தில் மிகக் கடுமையானது.

சித்த மருத்துவர் பெயர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கையேட்டில் மட்டும் அவர் பெயரைச் சேர்த்திருந்தால் எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தால் தீர்ந்தது. பதிவாளருக்குத் தாக்கல் செய்த படிவம் 7-இலோ கூட்ட நடவடிக்கைப் புத்தகத்திலோ அவர் பெயருக்கு நேரே யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் அது போலி ஆவணம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவு. நீங்கள் துணைச் செயலாளர், புத்தகத்தைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இன்றைக்கே பாருங்கள். அப்புறம் அவரை நேரில் போய்ச் சந்தியுங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது; இந்த வட்டாரத்தில் நல்ல சித்த மருத்துவர்களுக்குப் பஞ்சம் இல்லை, சேவை மனமும் நிறையப் பேருக்கு உண்டு. முறையாகக் கேட்டால் இவரே சம்மதிக்கக்கூடும். சம்மதித்தால் அவருடைய பதிவு எண்ணோடு போடுங்கள். முகாமுக்கு உண்மையான மருத்துவர் ஒருவர் கிடைத்த மாதிரியும் ஆகும்.

மைத்துனர் அச்சகம் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் பட்டங்களைவிட இதுதான் கையேட்டில் இருக்க வேண்டிய செய்தி. பணம் தருபவர் பின்னணி கேட்பது யார் எவ்வளவு படித்தார் என்று தெரிந்துகொள்ள மட்டும் இல்லை, சங்கப் பணம் யாருடைய கைக்குத் திரும்பிப் போகிறது என்று பார்க்கவும்தான். நிர்வாகிக்கோ அவர் உறவினருக்கோ சங்கப் பணத்திலிருந்து நியாயத்துக்கு மீறிய ஆதாயம் போனால் வருமான வரி விலக்கு அடிபடும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டத்திலும் தொடர்கிறது. உறவினர் பட்டியலில் மனைவியின் சகோதரரும் வருவார். உறவினரிடம் வேலை கொடுப்பதே குற்றம் இல்லை. சந்தை விலையா என்று காட்டக் காகிதம் வேண்டும், முடிவெடுக்கும்போது சம்பந்தப்பட்டவர் உட்காரக் கூடாது. தலைவர் கடையிலிருந்து முகாமுக்குப் பாத்திரம் வாங்கியிருந்தாலும் இதே கணக்குதான்.

உங்களை நீக்க முடியுமா? கையெழுத்துப் போட மறுத்ததற்காக அண்ணாச்சி தன் இஷ்டத்துக்கு நீக்க முடியாது. பைலாவில் நீக்கும் முறை என்ன என்று பாருங்கள். எந்த முறையாக இருந்தாலும் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதை மீறினால் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மாவட்டப் பதிவாளரிடம் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்கீழ் விசாரணை கேட்கவும் வழி உண்டு, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். ஆனால் எந்தக் குழு செல்லும், எது செல்லாது என்பதை இறுதியாகத் தீர்மானிக்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம்தான். சேரன்மகாதேவி மாவட்டப் பதிவாளர் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு பள்ளிக் குழு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. வழக்கு என்று வந்தால் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அம்பை நீதிமன்றத்திலேயே போய்க் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு என்று இழுத்துவிடுவார்கள், பிறகு நீங்கள் போய் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் செயலாளருக்குக் கடிதமாக எழுதுங்கள், ஒப்புகை வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

‘கையேட்டில் உள்ள சில விவரங்கள் சங்கப் பதிவேட்டோடு பொருந்தவில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் தன் படிப்பு, தொழில், சங்கத்தோடு தனக்கும் தன் உறவினருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன். அவை கிடைத்ததும் என் கையெழுத்தைத் தருகிறேன். அதுவரை பழைய கையேட்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.’

குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை, அண்ணாச்சியும் முகம் சுளிக்கக் காரணம் இல்லை. கம்பெனியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். உறுப்பினர் விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னாலே போதும். புதுக் கையேட்டுக்கு அம்பையிலும் நெல்லையிலுமாக மூன்று அச்சகங்களில் விலை எழுதி வாங்குங்கள். மைத்துனர் அச்சகம்தான் குறைவு என்றால் அங்கேயே கொடுக்கலாம். அந்தத் தீர்மானம் போடும்போது பொருளாளர் வெளியே இருந்தார் என்பதைப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.