பழைய பைக்கை வீட்டிலேயே சரிசெய்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பலரும் கோளாறு எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே உதிரிபாகம் வாங்கிவிடுகிறார்கள். பழைய வண்டியில் இப்படிச் செய்தால் செலவு ஒருபக்கம். இரண்டு மூன்று பாகங்களை ஒன்றாக மாற்றியபின் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்றே தெரியாமல் போவது இன்னொரு பக்கம். அதனால் எதை மாற்றலாம் என்று கேட்டவர்களுக்கும் எப்படிக் கண்டுபிடிப்பது என்றே பெரும்பாலும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அப்பாவின் பைக் பல வருஷமாக ஓடாமல் நிற்கிறது. கிக்கர் அசையவே இல்லை. ஏறி நின்று ஓங்கி மிதித்தால் விட்டுவிடுமா?

பதில்: மிதிக்க வேண்டாம். பிஸ்டன் விடுபடுவதற்கு முன் கிக்கரின் பல்லோ ஷாஃப்ட்டோ உடைந்துவிடும். முதலில் ஜாம் ஆகியிருப்பது எஞ்சினா கிக்கரா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நியூட்ரலில் பின்சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, டாப் கியரில் போட்டு சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எஞ்சினும் சேர்ந்து சுற்றினால் கோளாறு கிக்கரில் மட்டும்தான்.

கியரில் போட்டதும் சக்கரம் அசைய மறுத்தால், பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் துருப்பிடித்து சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். தினமும் ஒருமுறை சக்கரத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும், அடுத்தடுத்த நாட்களில் முழுதாக விட்டுவிடும். அசையவே இல்லை என்றால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

விட்டுவிட்ட சந்தோஷத்தில் உடனே பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பிஸ்டனுக்கு மேல் எண்ணெய் தேங்கியிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக் இல்லாமலேயே சில தடவை மெதுவாக மிதித்து அதை வெளியேற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஊற்றிய எண்ணெய் கீழே இறங்கி அதில் கலந்திருக்கும்.

கேள்வி: சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. கார்பரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று. புதியது வாங்கிவிடலாமா சார்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சோக் என்பது கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது. அது இருந்தால்தான் ஓடும் என்றால், சாதாரண நேரத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது, இல்லையென்றால் காற்று அதிகமாகப் போகிறது. இந்த இரண்டில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காற்றிலிருந்து ஆரம்பியுங்கள், எதையும் கழற்றத் தேவையில்லை. கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு பழைய வண்டிகளில் வெடித்திருக்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். சோக்கோடு எஞ்சினை ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று நுழைகிறது. சிலர் இதற்குப் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ அடிக்கச் சொல்வார்கள். சூடான எஞ்சின் மேல் அந்த விஷப்பரீட்சை எதற்கு? தண்ணீரே போதும்.

காற்றுக் கசிவு இல்லை என்றால் அடுத்தது ஸ்லோ ஜெட், அதாவது ஆக்ஸிலரேட்டர் முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது (ஐட்லிங்) பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள திருகு. வண்டி நிற்கும்போது கார்பரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற ஒன்றை விட்டுச்செல்லும். ஸ்லோ ஜெட்டின் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் முதலில் அடைபடுவது அதுதான். நீங்கள் இரண்டு முறை கழுவியதாகச் சொல்கிறீர்கள். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தீர்களா? துளை முழு வட்டமாகத் தெரியவேண்டும். வெளிச்சம் ஒரு புள்ளி தெரிந்தால் போதாது, ஓரத்தில் பிசின் ஒட்டியிருந்தாலே ஐட்லிங் கெட்டுவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். குத்தித்தான் எடுக்கவேண்டும் என்றால் மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழையைப் பயன்படுத்துங்கள். ஊசி, கிட்டார் கம்பி மாதிரி இரும்பு எதுவும் வேண்டாம். ஜெட் பித்தளை, துளை பெரிதானால் அப்புறம் அந்த ஜெட் உதவாது. ஜெட் மட்டுமல்ல, அது உட்காரும் துளையிலிருந்து எஞ்சின் பக்கம் போகும் குறுகலான பாதையிலும் காற்று தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு முறை கழுவியும் சரியாகாத கார்பரேட்டர்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பாதைதான்.

கலவை ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது ஒரு குழப்பம் வரும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால்தான் கூடும்.

இத்தனையும் செய்து, ஒரு மாதத்தில் மறுபடி அடைத்தால் கார்பரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். டேங்கைப் பாருங்கள்.

கேள்வி: டேங்குக்குள் துரு. உள்ளே பூசும் கோட்டிங் வாங்கி ஊற்றலாமா?

பதில்: ஓட்டை விழுந்த டேங்குக்கு அது கடைசி வழி. துரு மட்டும் என்றால் நான் பூசமாட்டேன். சரியாகச் சுத்தம் செய்யாத உலோகத்தின் மேல் பூசினால் சில வருஷத்தில் உரிந்து, செதில் செதிலாகப் பெட்ரோல் காக் (டேங்கின் கீழே திறந்து மூடும் குழாய்) வழியை அடைக்கும்.

பெட்ரோல் காக்கைக் கழற்றி அந்தத் துளையை மூடிவிட்டு, வினிகரை டேங்க் நிறைய ஊற்றி ஓரிரு நாள் வைத்திருங்கள். சிட்ரிக் அமிலக் கரைசலும் இதே வேலையைச் செய்யும். வெளியே வழிந்தால் பெயின்ட் கெடும், உடனே துடையுங்கள். கொட்டியபின் தண்ணீரில் சமையல் சோடா கலந்து கழுவினால் மிச்ச அமிலம் முறியும். அதன்பிறகு நேரத்தை வீணாக்காதீர்கள். ஈரமான வெறும் இரும்பு கண்முன்னே மறுபடி துருப்பிடிக்கும். நன்றாக உலர்த்தி, உள்ளே முழுக்கப் படும்படி கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: காலி டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கக்கூடியது. அமிலம் ஊற்றுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் அலசி எடுங்கள், வெல்டிங், தீ எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இருபது நிமிஷத்தில் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினேன், பலன் இல்லை.

பதில்: நின்ற அந்த நிமிஷத்தில்தான் விடை இருக்கிறது, ஆறியபிறகு சோதித்தால் எதுவும் தெரியாது. ஒரு உபரி பிளக்கும் பிளக் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் ஸ்டார்ட் ஆனால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகிறது. துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

அது இல்லையென்றால் மூடியை மறுபடி போட்டுவிட்டு, உபரி பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் மேல் வைத்துக் கிக்கரை மிதியுங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் மின்சாரப் பக்கம்தான் கோளாறு. பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகள்) வைத்த வண்டியாக இருந்தால் அடுத்த சந்தேகம் அங்கே பொறியை அடக்கும் கன்டென்சர் மேல். அது கெட்டால் பாயின்டுகளுக்கு நடுவில் பெரிய பொறி பறக்கும், முனைகள் கருகிப்போயிருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவுக்குள் இருந்து ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பிக்-அப் காயில் சூட்டில் கைவிடலாம்.

கேள்வி: டேப்பட் சத்தம் கேட்கிறது என்று மெக்கானிக் இறுக்கிக் கொடுத்தார். சத்தம் போய்விட்டது, ஆனால் வண்டி சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது.

பதில்: அதிகமாக இறுக்கிவிட்டார். டேப்பட்டில் சரிசெய்வது வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். தொடர்ந்து ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துபோகும், ஏனென்றால் அது மூடி உட்காரும்போதுதான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. லேசான டிக் டிக் சத்தம் கேட்கும் வால்வு நல்ல வால்வு. சத்தமே இல்லாத பழைய எஞ்சினைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

எஞ்சின் முழுதாக ஆறியபின், பிஸ்டன் கலவையை அமுக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் துளி ஆடவேண்டும். சிறிய எஞ்சின்களுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ. வரை சொல்லியிருப்பார்கள், உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் அளவே இறுதி. நட்டை இறுக்கியபிறகு மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள், இறுக்கும்போது அளவு நகரும்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலில் ஆயிலைக் குறைத்துக் கலந்தும் புகை குறையவில்லை. கியர் ஆயில் வேறு குறைந்துகொண்டே வருகிறது.

பதில்: கியர் ஆயில் எங்கே போகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கிளட்ச் பக்கத்தில் கிரான்க் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் நுழையாமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. சீலை மாற்றுங்கள், அதே நேரத்தில் மேக்னெட்டோ பக்கத்து சீலையும் மாற்றிவிடுங்கள். அந்தப் பக்கம் கசிந்தால் புகை வராது, காற்று நுழையும். கலவை வறண்டு பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப்போகும். ஆயில் விகிதத்தை இன்றே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிரான்க்குக்கும் ஒரே பாதுகாப்பு.

கேள்வி: புது பேட்டரி போட்டும் ஹெட்லைட் மங்கலாகவே எரிகிறது.

பதில்: ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் குறைகிறதா? அப்படியானால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதாக இல்லாமல் இருக்கலாம். பல சிறிய பழைய வண்டிகளில் அது மேக்னெட்டோ காயிலிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரத்தில் எரியும். எந்த பேட்டரி போட்டாலும் மாறாது.

பேட்டரியில் எரிவது என்றால், விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் இன்னொன்றை பல்பின் பாசிட்டிவ் இணைப்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் சுவிட்சிலோ கனெக்டரிலோ மின்சாரம் வீணாகிறது. இதேபோல நெகட்டிவ் பக்கமும் பாருங்கள். பெயின்ட் அடித்த ஃப்ரேம் மேல் எர்த் வயரை முடுக்கியிருப்பது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் விடை. அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் முடுக்குங்கள்.

கேள்வி: ஜப்பான் வண்டி. எஞ்சின் கவர் ஸ்க்ரூக்களின் தலை ஒவ்வொன்றாகச் சிதைகிறது. நல்ல ஸ்க்ரூ டிரைவர்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: நல்லதாக இருக்கலாம், பொருத்தமானது இல்லை. அவை கூட்டல் குறி போன்ற தலையுள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூ மாதிரித் தெரியும், ஆனால் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவில் செய்தவை. பலவற்றின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காமல் வெளியே நழுவும். ஜே.ஐ.எஸ். முனையும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் வாங்கச் சொல்வதில் முதல் பொருள் இதுதான்.

கேள்வி: டயரில் பூ (சாலையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) முழுசாக இருக்கிறது, வருஷம் மட்டும் ஆகிவிட்டது. ஓட்டலாமா?

பதில்: பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் கடைசியாக வரும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். பத்து வருஷம் தாண்டியிருந்தால் பூ எப்படி இருந்தாலும் கழற்றிப்போடுங்கள். ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது.

கேள்வி: முன் டிரம் பிரேக்குக்குப் புது ஷூ போட்டேன். பழையதைவிட மோசமாகப் பிடிக்கிறது.

பதில்: புது ஷூவின் வளைவும் தேய்ந்த டிரம்மின் வளைவும் இன்னும் ஒத்துவரவில்லை. ஆட்கள் இல்லாத இடத்தில், மெதுவான வேகத்தில் பலமுறை பிடித்துப் பிடித்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு, கேபிள் இழுக்கும், டிரம்மில் இருக்கும் சிறு நெம்புகோலான 'கை' கேபிளுக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோணத்தைத் தாண்டிப் போனால் உங்கள் பலம் வீணாகும். அந்த நெம்புகோலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எஞ்சின் வேலை முடிந்தது. புது பிஸ்டன், புது ரிங். முதல் ஓட்டத்தில் என்ன கவனிக்கவேண்டும்?

பதில்: கதவு மூடிய இடத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள்.

நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடுவதும் நல்லதல்ல, ரிங் சிலிண்டரோடு படிய எஞ்சின் மேல் மிதமான சுமை வேண்டும். வீட்டைச் சுற்றியே ஒரு சின்ன ஓட்டம் போய் வாருங்கள். முழு ஆக்ஸிலரேட்டரும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். திரும்பி வந்து முழுக்க ஆறவிட்டு, எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், சைலன்சர் நட்டுகள், சக்கர ஆக்ஸில், செயின் தளர்வு எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கவேண்டுமா என்று கையேடு சொல்லும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் முதல் எஞ்சின் ஆயிலைச் சீக்கிரமே வடித்து வெள்ளைத்துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருப்பது சகஜம். கையில் நெருடும் துணுக்கு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைத் திறங்கள்.