ஊழியமும் உண்மையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கர்த்தருக்குள் அன்பான ஐயா, நான் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக இங்கே சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களில் வேலை செய்கிறேன். சாரம் கட்டுபவனாகத் தொடங்கி, இப்போது சாரங்களைச் சோதித்துக் கையெழுத்திடும் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நான் குறைமாதத்தில் பிறந்தபோது, பிள்ளை பிழைத்தால் முழுநேர ஊழியத்திற்குக் கொடுத்துவிடுவதாக அம்மா பொருத்தனை பண்ணினார்கள். குடும்பக் கடனால் வேதாகமக் கல்லூரிக்குப் போக முடியவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருப்பதால் ஆராதனைக்கும் போக முடிவதில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அம்மா அதைச் சொல்லி அழுகிறார்கள். நான் தேவனுக்கு உண்மையற்றவனாகிவிட்டேனா?
— துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் ஒரே ஒரு சொல்லில் போய் நின்றது. இந்த ஊர்த் தமிழ்ச் செய்திகளில் உங்களை 'வெளிநாட்டு ஊழியர்' என்று குறிப்பிடுகிறார்கள். நம் சபைகளிலோ மேடையில் நின்று பிரசங்கிப்பவரை 'தேவ ஊழியர்' என்கிறோம். சொல் ஒன்றுதான். அந்த ஒரே சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தங்குவிடுதிக்கும் மறு பாதியைப் பீடத்திற்கும் கொடுத்துவிட்டதால்தான், பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்று உழைத்துவிட்டு வரும் ஒருவர் தம்மைத் தேவனுக்கு உதவாதவர் என்று எண்ணிக் கலங்கும்படி ஆகிறது.

இந்தச் சொல்லுக்குக் கசப்பான ஒரு வரலாறும் உண்டு. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊழியம் என்பது, ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கப்பட்ட வேலை. அவர்களில் கிறிஸ்தவர்களானவர்களையும் ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் இழுத்துக்கொண்டு போனார்கள். மிஷனெரிகள் அதை எதிர்த்து அரசிடம் முறையிட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சொல்லைத்தான் நம் வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் பவுலுக்குக் கொடுத்தார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வரியிலேயே அவர் தம்மை இயேசு கிறிஸ்துவின் ஊழியக்காரன் என்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது அடிமை என்று பொருள்படும் சொல். ஆகவே ஊழியம் என்ற சொல் மேடையில் பிறந்ததன்று; முதுகில் சுமை ஏற்றியவர்களிடமிருந்துதான் அது மேடைக்குப் போயிருக்கிறது.

'எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள்' என்ற கொலோசெயர் 3:23ஐ நாம் காலண்டரில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அது யாருக்கு எழுதப்பட்டது என்பதை முந்திய வசனம் காட்டுகிறது: அந்நாளைய வீடுகளில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு. குருக்களுக்கோ சபையின் கண்காணிகளுக்கோ அல்ல. அதே இடத்தில் 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்' என்றும் பவுல் எழுதுகிறார். மேலாளர் பார்க்கும்போது ஒரு விதமாகவும் பார்க்காதபோது வேறு விதமாகவும் வேலை செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு செய்தியை எழுதியிருந்தீர்கள். சிலர் கீழே நின்றபடியே சாரத்தின் அட்டையில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள் என்றும், நீங்கள் மழை பெய்த மறுநாளும் கடைசித் தட்டு வரை ஏறி, ஒவ்வொரு பிடிப்பையும் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே பேனாவை எடுப்பதாகவும், அதனால் 'நேரத்தை வீணாக்குகிறவன்' என்று பேச்சு வாங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தம்பி, அதை முன்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சாரத்தின்மேல் ஏறப்போகிற வங்காளதேசத்துக்காரரும் சீனரும் புதுக்கோட்டைக்காரரும் உங்கள் கையெழுத்தை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார்கள். யாரும் பாராத உயரத்தில் நீங்கள் அசைத்துப் பார்க்கும் அந்தப் பிடிப்பு கர்த்தருக்குச் செய்யும் ஊழியந்தான். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வேதம் சொல்வதையே சொல்கிறேன். தானியேலிடம் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள் முதலில் அவருடைய ஜெபத்தைச் சோதிக்கவில்லை, அரசாங்க வேலையைத்தான் குடைந்து பார்த்தார்கள். அங்கே ஒன்றும் அகப்படாமற்போன பிறகே ஜெபத்தின் பக்கம் திரும்பினார்கள்.

ஓஃபிர் சாலையில் 1888ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட லூர்து மாதா ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழும்பிய ஆலயம். நான் வேறு சபையைச் சேர்ந்தவன். ஆனாலும் அந்தக் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம், அவ்வளவு உயரத்துக்குக் கல்லும் காரையும் கொண்டுபோன கைகளை நினைக்காமல் போக முடிவதில்லை. அங்கே இத்தனை ஆண்டுகளாக ஏறெடுக்கப்படும் திருப்பலிகளில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

இனி, அம்மாவின் பொருத்தனை. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாகக் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் ஒரு தாய் செய்த ஜெபம் அது. ஆனால் லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தை அம்மாவும் நீங்களும் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவரைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணினால், அவருக்கு ஈடாகப் பரிசுத்த ஸ்தலத்தில் செலுத்தவேண்டிய மதிப்பை நியாயப்பிரமாணம் வயதுவாரியாக நிர்ணயித்திருந்தது: ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு 5 சேக்கல் வெள்ளி, இருபது முதல் அறுபது வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல். அவ்வளவு கொடுக்க இயலாத ஏழையானால், ஆசாரியர் அவனுடைய திராணிக்குத் தக்கபடி மதிப்பிட வேண்டும். நாம் இப்போது வெள்ளியை நிறுத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தவிப்பில் வாய்திறந்த ஒரு தாயைக் கடன்காரியாக்கி வாசலில் நிறுத்திவைக்கிறவர் அல்லர் நம் தேவன். ஏழைக்கும் ஒரு வழியை எழுதிவைத்தவர் அவர் என்பதை அம்மா தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். மேலும், அன்னாள் சாமுவேலைக் கொடுத்தாள் என்பது உண்மைதான்; ஆயினும் சாமுவேல் வளர்ந்தபின் கர்த்தர் தாமே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தாயின் பொருத்தனை அவனை ஆலயத்தின் வாசல்வரை கொண்டுவந்தது; அழைப்போ தேவனிடமிருந்தே வந்தது. உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்குமானால், வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் பயிலக்கூடிய இறையியல் பாடங்கள் தமிழில் உண்டு; உங்கள் போதகரிடம் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்துக்குப் போய், ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துவிட்டு வாருங்கள். போனில் தீராத அழுகை அங்கே தீரக்கூடும்.

கேள்வி: ஆராதனையில் கித்தார் வாசிக்கிறேன். பாராட்டினால் மகிழ்கிறேன், பாராட்டாவிட்டால் வாடுகிறேன். இது தேவனுக்கா, எனக்கா?
— தொடக்கக் கல்லூரி மாணவர், ஈசூன்

பதில்: இரண்டும் கலந்துதான் இருக்கும், தம்பி. கலப்பு முழுவதும் நீங்கும்வரை வாசிக்காமல் இருப்பேன் என்று முடிவெடுத்தால் யாருமே வாசிக்க முடியாது. ஒன்று செய்து பாருங்கள். ஒரு மாதம், ஆராதனை முடிந்ததும் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டி வைக்கும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் கைதட்டப்போவதில்லை. அந்த வேலையிலும் கொஞ்சம் சந்தோஷம் கிடைக்கிறதென்றால் பயப்படாமல் கித்தாரை எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அதையே ஜெபத்தில் சொல்லுங்கள். கித்தாரை அப்போதும் எடுங்கள்.

கேள்வி: ஐயா, பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், இரண்டு வீட்டு ஜெபக் கூட்டங்கள் என்று வாரத்தில் ஐந்து நாள் ஊழியத்தில் இருக்கிறேன். வீட்டில் மாமியாருக்கு மறதி நோய். இல்லப் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். 'நீ எங்களுக்கு விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாய்' என்று கணவர் சொன்னபோது கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. குறைத்துக்கொண்டால் விசுவாசத்தில் பின்வாங்கிப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
— தோ பாயோ வாசகி

பதில்: சகோதரி, உங்கள் உழைப்பு வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். பெரும்பாலான சபைகள் உங்களைப் போன்ற நாலைந்து பேருடைய தோள்மேல்தான் நிற்கின்றன. அதனாலேயே உங்களிடம் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், 'நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்' என்று மாமனார் எத்திரோ சொல்லுகிறார். அந்த அறிவுரையை நாம் நிர்வாகப் பாடமாக எடுத்துப் பேசுகிறோம். அதிகாரத்தின் தொடக்கத்தை விட்டுவிடுகிறோம். எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. மோசே தம்மிடம் அனுப்பிவைத்திருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வந்தார். முதலில் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள்தான் வேலையைக் குறைக்கச் சொன்னார். உங்கள் கணவர் சொன்ன சொல்லை எத்திரோவின் சொல்லாக எண்ணிப் பாருங்கள். அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை 'கொர்பான்' என்று சொல்லித் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெற்றோருக்கு உரியதைத் தேவனுடைய பெயரால் எடுத்துக்கொள்வதை அவர் பக்தியாகக் கருதவில்லை. உங்கள் கடிதத்திலேயே ஒரு காட்சியை எழுதியிருந்தீர்கள்: பெண்கள் ஐக்கியத்துக்கு நீங்கள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, மாமியார் கதவருகே வந்து நின்று, உங்கள் பெயர் நினைவுக்கு வராமல், 'அம்மா, நீங்கள் கோயிலுக்கா போகிறீர்கள்? என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்' என்று கேட்டார்கள். சகோதரி, அன்று மாலை ஐக்கியத்தில் நீங்கள் நடத்திய வேதபாடம் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு வந்த அழைப்பு அந்தக் கதவருகில்தான் வந்தது. வாரத்தில் ஒரு மாலையாவது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சிறுவயதில் படித்த கீர்த்தனைகளைப் பாடுங்கள். பெயர்களும் நாட்களும் மறந்துபோன பலருக்கு அந்தப் பாட்டுகள் மறப்பதில்லை. படுக்கையருகே நின்று இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு முழுவதும் நீங்கள் ஆலயத்தில் இருக்கிறீர்கள் என்றால், பணிப்பெண்ணுக்கு ஞாயிறு எது? 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத ஓய்வுநாளை அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டம் கேட்பது அவ்வளவுதான். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளையோ, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று ஒவ்வொரு வாரத்துக்கும் கேட்கிறது. மற்றொரு பெண்ணின் ஓய்வை எடுத்து நாம் ஊழியம் செய்கிறோமா என்பதை நம் சபைகள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

ஐந்தில் இரண்டைக் கையளித்துவிடுங்கள். எவை என்று உங்களுக்கே தெரியும்: நீங்கள் இல்லாவிட்டாலும் நடந்துவிடும் என்று ஒப்புக்கொள்ள எவை உங்களுக்கு வருத்தமாக இருக்கின்றனவோ, அவற்றிலிருந்து தொடங்கலாம். பின்வாங்கிப்போவதைப் பற்றி அஞ்ச வேண்டாம். சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

கேள்வி: வயது 74. முப்பது ஆண்டுகள் சபையில் வாசலில் நின்று வரவேற்கும் பணியையும் காணிக்கைக் கணக்கையும் பார்த்தேன். இப்போது எல்லாவற்றையும் இளைஞர்களிடம் கொடுத்துவிட்டார்கள். கணக்கும் கணினிக்குப் போய்விட்டது. தேவனுக்கு நான் இனி எதற்கு?
— பணி ஓய்வுபெற்றவர், ஜூரோங்

பதில்: ஐயா, முப்பது ஆண்டுக் கணக்கில் ஒரு வெள்ளி பிசகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 'உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்' என்று, பிறர் பொருளைப் பொறுப்பாக நிர்வகிப்பவனைப் பற்றிப் பவுல் எழுதியதற்கு அதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பொறுப்பைக் கைமாற்றியபோது உங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் விட்டிருந்தால், அது சபையின் குறை; அந்த வருத்தம் நியாயமானது.

ஆனால் கைமாற்றியது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தில் லேவியருக்கு 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணி தொடங்குகிறது. 50 வயதில் அந்தப் பணியிலிருந்து அவர்கள் விடுபட வேண்டும் என்று கர்த்தரே சொல்லுகிறார். அதற்குப்பின் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை: சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கும் வேலை அவர்களுக்கு இருந்தது. தோளில் சுமப்பதுதான் நிற்கிறது. உடன் நிற்பது நிற்பதில்லை. அன்னாள் என்ற விதவை 84 வயதிலும் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்தாள் என்று லூக்கா எழுதுகிறார். பாலகனைக் கையில் ஏந்திவந்த எளிய குடும்பத்தை அடையாளம் கண்டுகொள்ள அப்படி ஒருத்தி அங்கே இருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பகுதியின் முதல் கடிதத்தை, ஐயா, தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். உங்கள் வட்டாரத்துக்குப் பக்கத்திலுள்ள தங்குவிடுதிகளிலிருந்தும் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். வேலை முடிந்து, அவசரமாகக் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பாதி ஆராதனையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் பேருந்துக்குப் போய்விடுகிறார்கள். வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கு அவர்களை எப்படிப் பேசவைப்பது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். வரும் ஞாயிறு அந்தக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரை ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, வாரம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வராவிட்டால், இரவு எட்டு மணிக்குமேல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அதற்கு முன்பு அவர்கள் லாரியில் இருப்பார்கள்.