கூபர் பீடியில் மக்கள் நிலத்துக்கடியில் வாழ்வது ஏன்?

ஆஸ்திரேலியப் பாலைவனச் சிற்றூரான கூபர் பீடி எப்படித் தோன்றியது, அங்குள்ளோர் ஏன் மண்ணுக்கடியில் வாழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரைத் தோற்றுவித்தது ஓபல் மணிக்கல். நிலத்துக்கடியில் தள்ளியது வெயில்.

தென் ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரான அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 850 கி.மீ. தொலைவில், 1915 பிப்ரவரியில், தங்கம் தேடிவந்த குழுவில் தந்தையோடு இருந்த 14 வயது வில்லி ஹட்சிசன் அங்கே ஓபலைக் கண்டெடுத்தான். தங்கம் தேடியவர்களுக்கு ஓபல் கிடைத்தது விதியின் விளையாட்டுதான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் சுரங்கம் தோண்ட வந்து, குன்றுகளைக் குடைந்து குடியேறினார்கள். 1920இல் ஏற்கப்பட்ட ஊர்ப்பெயர், 'வெள்ளையனின் குழி' என்று பொதுவாகப் பொருள் கூறப்படும் பழங்குடிச் சொற்றொடரிலிருந்து வந்தது.

கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. குளிர்கால இரவுகளோ நடுங்க வைக்கும். மழை மிகக் குறைவு என்பதால், ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைச் சுத்திகரித்தே குடிக்கிறார்கள். பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவதால், சில மீட்டர் ஆழத்தில் பகலிரவு மாற்றமோ பருவ மாற்றமோ பெரிதாக எட்டுவதில்லை; குளிர்சாதனம் இல்லாமலேயே அறைகள் ஆண்டு முழுவதும் 25 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் குன்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாய்கள்தாம் கண்ணில் படும். உள்ளே, இயந்திரம் குடைந்த வளைந்த தடங்கள் செம்மை கலந்த சுவர்களில் அப்படியே தெரியும். தூசி உதிராமலிருக்க அவற்றின்மேல் பூச்சு அடிப்பார்கள்.