மன அழுத்தத்தால் வாய்ப்புண் வருமா, அல்லது காரணம் தெரியாத மருத்துவர்கள் அப்படிச் சொல்கிறார்களா?

வரும். தேர்வு நெருங்கும்போதெல்லாம் உதட்டின் உள்ளே புண் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி மாணவராக இருப்பீர்கள். சின்னச் சின்னதாக வந்து 7 முதல் 14 நாள்களில் ஆறினால் அது சாதாரண வாய்ப்புண். இரும்புச்சத்தோ பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்களோ குறைந்தாலும் இப்படி வரும், ரத்தம் பரிசோதித்துவிடுங்கள். 2 வாரம் கடந்தும் ஒரே இடத்தில் ஆறாமல் நின்றால் தேர்வுக் கவலை என்று விடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு இருப்பது லைக்கன் பிளானஸ். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே வாயின் உள்தோலைத் தாக்கும் நோய். கன்னத்தின் உட்புறம் கோல இழை போல வெள்ளைக் கோடுகள், இடையிடையே சிவந்து உரிந்த புண். ரசம் சோறு வாயில் வைத்தால் கண்ணில் நீர் வந்துவிடும். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது, இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் பாடம் நடத்தப் பள்ளிக்கு ஓடிய காலத்தில் தொடங்கியது. அவர் தேறியதும் தணிந்தது. வீட்டுக் கடன் நெருக்கியபோது மறுபடியும் எரிந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. "கவலைப்படாதீங்கம்மா, சரியாகிவிடும்" என்று வைட்டமின் மாத்திரை எழுதித் தந்தார். பிறகு ஒரு பல் மருத்துவக் கல்லூரியில்தான் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இதே போன்ற புண் வருமாம். நான் சாப்பிடும் மருந்தையெல்லாம் விசாரித்தார்கள். ஸ்டீராய்டு களிம்பு தந்தார்கள், அதிகம் நுரைக்கும் பற்பசையை நிறுத்தச் சொன்னார்கள். நூறில் ஒருவருக்குப் புற்றாக மாறக்கூடும் என்பதால் தவறாமல் வந்து காட்டச் சொன்னார்கள். அந்தப் பயமே தூக்கத்தைக் கெடுத்தது. தூக்கம் கெட்டால் எரிச்சல் கூடும்.

மனம்தான் இந்த நோயை உண்டாக்குகிறது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இருக்கிற நோயை அது கிளறிவிடுகிறது என்கிறேன், அவ்வளவுதான். மணத்தக்காளிக் கீரை போதுமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நானும் சாப்பிடுகிறேன், இதமாக இருக்கிறது, நோய் போகவில்லை.

மன அழுத்தத்தைக் குறையுங்கள் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு யார் குறைப்பது? வருகைப் பதிவு, சீருடைக் கணக்கு, காலணி அளவு என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்றச் சொல்கிறார்கள். சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது கீழே வகுப்பு காத்திருக்கிறது. எழுத்தரை நியமியுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறோம்.