துண்டுக் கம்பியைப் பிடித்து எழ வேண்டாம்

வணக்கம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், கம்மோடிலிருந்து எழும்போது துண்டு போடும் கம்பியைப் பிடித்துத்தான் எழுகிறார், விரல்களும் வலிப்பதால் குழாயைத் திருக முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கம்பியைப் பற்றிப் படித்ததும் பதறிவிட்டது. அது ஆள் பாரத்துக்காகச் செய்ததல்ல, ஒருநாள் கையோடு பெயர்ந்து வந்துவிடும். முதலில் அதைக் கவனியுங்கள்.

சானிட்டரி கடையில் ஸ்டீல் கிராப் பார், அதாவது பிடித்து எழுவதற்கென்றே சுவரில் பதிக்கும் கைப்பிடி, என்று கேளுங்கள். ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலப் பருமன் இருந்தால் பிடிக்க வசதி. ஸ்க்ரூ டைல்ஸோடு நிற்காமல் செங்கல் வரை இறங்க வேண்டும். ரப்பரால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வகை வேண்டவே வேண்டாம், எப்போது கழலும் என்று தெரியாது. உயரத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அம்மாவை உட்காரவைத்து, அவர் கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, அப்புறம் துளை போடச் சொல்லுங்கள்.

கம்மோடு தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் சீட் ரைசர் வாங்கலாம். சீட்டின் உயரம் தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம் இருந்தால் பெரும்பாலோருக்கு எழுவது சுலபம். உயரம் குறைந்தவர் என்றால் பாதம் தரையில் முழுதாகப் பதிகிறதா என்று பாருங்கள்.

குழாய்க்கு லீவர் வகை போதும், புறங்கையாலேயே தள்ளிவிடலாம். குளிக்க, காலில் ரப்பர் புஷ் உள்ள உறுதியான ஸ்டூல்.

கதவின் உள் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். அதுவரை தாழ்ப்பாள் போடாமல் போகச் சொல்லுங்கள், அம்மா சங்கடப்படுவார், இருந்தாலும் சொல்லுங்கள்.