தோட்டா தீர்ந்துபோகும் கதை

கேள்வி: விமானச் சண்டைப் படம் போட்டாலே என் மகன் "இது அந்தக் காலத்து விமானமே இல்லைம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறான். சினிமாவில் இவ்வளவு பார்க்கணுமா?
- வாசகி, பல்லடம்

பதில்: பையன் கண்ணுக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லிடுங்க. 1940இல் பிரிட்டனும் ஜெர்மனியும் வானில் மோதிய கதையைச் சொல்லும், 1969இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டாகப் பறந்தவை ஸ்பெயினில் செய்த புச்சோன் விமானங்கள். உள்ளே இருந்ததோ, எதிராளியான பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த அதே மெர்லின் இன்ஜின்! அசல் மெஸ்ஸர்ஷ்மிட்டில் இன்ஜின் தலைகீழாக உட்கார்ந்திருக்கும், அதனால் புகைக்குழாய்கள் மூக்கின் அடிப்பக்கம் வரும், படத்தில் மேலே இருக்கின்றன. நம்ம கோயமுத்தூர் பட்டறைக்காரர் யாராக இருந்தாலும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ஆனாலும் இதை நான் மன்னிப்பேன், பறக்கிற நிலையில் அசல் கிடைக்காவிட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

எனக்குப் பொறுக்காதது வேறு. கதாநாயகன் விசையை அழுத்தினால் படம் முடிகிற வரை தோட்டா தீராது. 1940இல் ஸ்பிட்ஃபயரில் 8 துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா, அழுத்திப் பிடித்தால் சுமார் 15 விநாடியில் மொத்தமும் காலி. அப்புறம் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற அந்த கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் மெர்லினுக்கு பெட்ரோல் சரியாகப் போகாமல் இன்ஜின் திணறும். ஜெர்மன்காரனுக்கு, பெட்ரோலை நேராக இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அவன் பாட்டுக்கு நேராகக் கீழே பாய்ந்து தப்பிவிடுவான். பின்னால் துரத்தி வந்தவனுக்கு அந்த நேரத்தில் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! இதை விட்டுவிட்டு என்னத்தைக் காட்டுவது?

கேள்வி: நம்ம சூலூர் விமானப்படைத் தளத்துக்கு இப்படி ஏதாவது போர்க்கதை உண்டா?
- வாசகர், சூலூர்

பதில்: நேரடியாக இல்லை, ஒரு உறவு இருக்கிறது. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன் தன் நேட் என்ற சின்னப் போர் விமானத்தைக் கிளப்பினார். வந்தவை ஆறு சேபர், எதிர்த்துச் சண்டை போட்டது இவர் ஒருவர். உயிரோடு திரும்பவில்லை. விமானப்படையில், போர் வீரத்துக்கான நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் மட்டும்தான். அவர் இருந்த 18ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுதான் 2020 மே மாதம் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானங்களோடு சூலூரில் மறுபடி உயிர்பெற்றது.

நேட்டில் இருந்தது இரண்டே பீரங்கி, ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு, ஆறு விநாடிக்குக்கூடக் காணாது. அவர் கதையைப் படமாக்குகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கணக்கை மாற்றிவிடாதீங்க.