பூம்பாறை பீச் மரத்தில் சிவந்து தடிக்கும் இலைகள்

கேள்வி: பூம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் உள்ள படிக்கட்டு நிலத்தில் ஏழு வயதான ஆறு பீச் மரங்களும் இரண்டு பிளம்ஸ் மரங்களும் இருக்கின்றன. கீழ்ப்பாத்திகளில் மலைப்பூண்டு போட்டிருக்கிறோம். மாசியில் பீச் மரங்கள் இலையே தெரியாமல் பூத்தன. பங்குனி பிறந்ததும் வந்த துளிர்கள் தடித்து, சிவந்து, சுருண்டுவிட்டன. மருந்துக் கடையில் சொன்னபடி காப்பர் ஆக்சிகுளோரைடு இரண்டு முறை தெளித்தேன். சுருட்டல் குறையவில்லை, இலைகளில் ஓட்டை வேறு விழுகிறது. என் மகன் கைபேசியில் எடுத்த ஐந்து படங்களை அனுப்பியிருக்கிறேன். இது பூச்சியா, நோயா? உதிரும் இலைகளை மட்க வைத்துப் பூண்டுப் பாத்தியில் போடலாமா? மரங்களை வெட்டிவிடும்படி பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார்.

பதில்: அன்புள்ள அம்மா, மரங்களை வெட்ட வேண்டாம், இனி இந்தப் பருவத்தில் மருந்தும் தெளிக்க வேண்டாம். உங்கள் மரங்களுக்கு வந்திருப்பது பீச் இலைச் சுருட்டல் நோய். டாஃப்ரினா டிஃபார்மன்ஸ் என்னும் பூஞ்சையால் வருவது. இலை சுருண்டு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. ஆனால் வரும் மார்கழியில் இரண்டு நாள் வேலை செய்தால் அடுத்த ஆண்டுத் துளிரைக் காப்பாற்றிவிடலாம்.

நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் முதல் மூன்றும் மாசி மாதப் பூக்கள். காலை மூடுபனி விலகும் நேரத்தில், பின்னால் மலைச்சரிவு மங்கலாகத் தெரிய, தம்பி மிக அழகாக எடுத்திருக்கிறார். சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். ஆனால் நோயைக் கண்டுபிடிக்க அவற்றால் பயனில்லை. எனக்கு உதவியது, அவர் போகிற போக்கில் எடுத்ததாகத் தோன்றும் நான்காவது படம். அதில் ஓர் இலையை யாரோ கட்டைவிரலால் பிடித்திருக்கிறார்கள். இலையின் நடுநரம்புக்கு வலப்பக்கம் பச்சையாகத் தட்டையாக இருக்கிறது. இடப்பக்கமோ எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பி, மேடு பள்ளமாகி, ஓரத்தில் கருஞ்சிவப்பும் உள்ளே வெளிர்மஞ்சளுமாக நிறம் மாறியிருக்கிறது. தடித்த இடத்தை விரலால் மடக்கினால் ஒடிந்துவிடும் போலத் தெரிகிறது. அதே படத்தின் மூலையில், தெளிவில்லாமல், பிளம்ஸ் கிளை ஒன்று வந்திருக்கிறது. அதன் இலைகளில் ஒரு சுருட்டலும் இல்லை. இந்தப் பூஞ்சை முக்கியமாகப் பீச்சையும் அதன் வகையான நெக்டரினையும் பிடிக்குமே தவிரப் பக்கத்திலேயே நிற்கும் பிளம்ஸை இப்படித் தொடாது என்பதால், அந்த மூலை எனக்குப் பெரிய சாட்சியாக அமைந்தது.

பூச்சியா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பீச் மரத்தில் இலை சுருள இரண்டாவது காரணமும் உண்டு, அது அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி. அசுவினி உறிஞ்சிய இலை சுருளும், மடங்கும், வெளிறும். ஆனால் தடிக்காது, சிவந்து உப்பாது. அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் பச்சை நிறச் சிறு பூச்சிகள் கூட்டமாக இருக்கும். அவை உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள் தூசி போலக் கிடக்கும். கை வைத்தால் பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்பைத் தேடி எறும்புகள் கிளையில் வரிசை கட்டி ஏறும். பிளம்ஸ் மரத்தையும் அசுவினி விட்டுவைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் வில்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் அனுப்பிய ஒரே ஒரு படத்தை, அதுவும் இலையின் மேற்புறம் மட்டும் தெரிந்த படத்தை நம்பி, அசுவினி என்று எண்ணி வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லிவிட்டேன். பிறகு நேரில் போனபோதுதான் அது இலைச் சுருட்டல் நோய் என்று தெரிந்தது. அவருடைய இரண்டு வாரமும் எண்ணெய்ச் செலவும் வீணாயின. அதிலிருந்து, அடிப்புறம் காட்டாத படத்தை வைத்து நான் முடிவு சொல்வதில்லை. உங்கள் விஷயத்தில் அந்தத் தடிப்பும் பிளம்ஸ் கிளையும் இருந்ததால் துணிந்து சொல்கிறேன். ஆனாலும் நாளைக் காலை பத்து இலைகளையாவது திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

இனி, ஓட்டைகள். ஐந்தாவது படத்தில் சுருளாத இலைகளிலும் மிளகு அளவு வட்ட ஓட்டைகள் இருப்பதையும், ஓட்டை விழாத இடங்களில் பழுப்புப் பொட்டுகள் இருப்பதையும் பார்த்தேன். இலைச் சுருட்டல் நோய் ஓட்டை போடாது. இது பெரும்பாலும் நீங்கள் தெளித்த மருந்தின் வேலை. பீச்சின் இளம் இலை தாமிரத்தைத் தாங்காது. துளி நின்ற இடம் கருகி, காய்ந்து, உதிர்ந்து ஓட்டையாகிவிடும். மருந்து தவறான மருந்து அன்று, இதே பூஞ்சைக்குத் தாமிர மருந்து பல நாடுகளில் பயன்படுகிறது. தெளித்த நேரம்தான் தவறு. இலை இல்லாத மரத்துக்கு மருந்தாக இருப்பது, இலை வந்த மரத்துக்குத் தீக்காயம் ஆகிவிடுகிறது. கடைக்காரர் மரத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பூஞ்சையின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருண்ட இலையின் மேல் சில வாரங்களில் சாம்பல் தூவியது போல வெண்பொடி பூக்கும். அதுதான் அதன் வித்து. காற்றிலும் மழைத்துளியிலும் பரவி, பட்டையின் வெடிப்புகளிலும் மொட்டுகளை மூடியிருக்கும் செதில்களின் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டு முழுவதும் காத்திருக்கும். மொட்டு உப்பி விரியும் சில நாட்களில் குளிரும் ஈரமும் சேர்ந்தால், அந்த வித்துகள் நீரோடு நீராக மொட்டுக்குள் இறங்கி, இன்னும் விரியாத இலையைப் பிடித்துக்கொள்ளும். முற்றிய இலையை அதனால் துளைக்க முடியாது. ஆகவே ஆண்டில் அந்தச் சில நாட்கள்தான் அதற்கு வாசல் திறந்திருக்கிறது. நாம் பூட்ட வேண்டியதும் அதற்கு முன்புதான். மற்ற நாடுகளில் வெயில் ஏறினால் நோய் தானே நின்றுவிடும் என்று எழுதியிருப்பார்கள். கொடைக்கானல் மேல்மலையில் கோடையிலும் அந்த அளவு வெப்பம் வருவதில்லை, எனவே இங்கே வெயிலை நம்பிப் பயனில்லை. இலையில் ஈரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. உங்கள் மரங்கள் படிக்கட்டின் கீழ்வரிசையில், மண்சுவரை ஒட்டி நிற்பதாகப் படத்தில் தெரிகிறது. காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் இறங்கும்; பனியும் அங்கேதான் தேங்கும்.

இப்போது செய்ய வேண்டியது மரத்தைத் தேற்றுவதுதான். நோய் பிடித்த இலைகள் சித்திரைக்குள் தாமாக உதிர்ந்து, மரம் இரண்டாவது முறை துளிர்க்கும். அந்தத் துளிருக்கு மரம் தன் சேமிப்பைச் செலவழிப்பதால், அதன் மேல் காய்ச் சுமையும் இருந்தால் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு குறைந்துவிடும். எனவே காய்கள் நெல்லிக்காய் அளவு வந்ததும், கிளையில் ஒரு சாணுக்கு ஒரு காய் இருக்கும்படி விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள். தண்டைவிட்டு இரண்டடி தள்ளி, மரத்துக்கு இரண்டு கூடை நன்கு மட்கிய தொழுவுரமோ ஆட்டெருவோ இட்டு, கோடை மழை பிந்தினால் வாரம் ஒரு முறை தண்ணீர் கொடுங்கள். சுருண்ட இலைகளை எல்லாம் கையால் கிள்ளச் சொல்பவர்களும் உண்டு. வெண்பொடி பூக்கும் முன் கிள்ளினால் ஓரளவு பயன்தான், சிறு கன்றாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஏற்கெனவே பாதி இலையை இழந்த ஏழு வயது மரத்தில் மீதியையும் உருவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உண்மையான வேலை கார்த்திகை, மார்கழியில் இருக்கிறது. இலைகள் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்ததும் கவாத்து செய்து, மரத்தின் நடுவில் வெளிச்சமும் காற்றும் புகும்படி கிண்ணம் போலத் திறந்துவிடுங்கள். பிறகு மழையில்லாத ஒரு நாளில் ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தாமிர மருந்து) தண்டு, கிளை, நுனிக் குச்சி என்று எல்லாம் நனையும்படி தெளியுங்கள். மொட்டு உப்பத் தொடங்கும் முன் இரண்டாம் முறை தெளியுங்கள். மொட்டின் பழுப்புச் செதில்கள் விலகி உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு எட்டிப் பார்த்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

பத்து லிட்டர் கலவைக்கு 100 கிராம் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) 100 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பும் போதும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் வேண்டும். ஒன்றில் ஐந்து லிட்டர் நீரில் துத்தத்தைக் கரையுங்கள்; மற்றதில் சுண்ணாம்பை நீர்த்து ஐந்து லிட்டர் பாலாக்கி ஆறவிடுங்கள். துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. வான்நீலத்தில் கலவை வந்ததும், தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி முக்கிப் பாருங்கள். கத்தி கத்தியாகவே வந்தால் துணியில் வடிகட்டி அன்றே தெளித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். அந்த மாதங்களில் கீழ்ப்பாத்தியில் பூண்டு நிற்கும் என்பதால், தெளிக்கும் நேரம் மட்டும் அதன் மேல் ஒரு பழைய தார்ப்பாயை விரித்துவிடுங்கள்.

சுற்றுலா வருபவர்கள் பூக்கிளையை ஒடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் வருந்தி எழுதியிருந்தீர்கள். இந்தக் கலவையே அப்படிப்பட்ட ஒரு வருத்தத்தில் பிறந்ததுதான். பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் குறைவாக இருப்பதைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார். பூவைக் காப்பதற்கு நீங்கள் இதைத் தெளிக்க முடியாது. பூக்கும் நேரத்தில் தேனீக்கள் வரும், மரத்திலும் எந்த மருந்தும் படக் கூடாது. ஒரு கயிறு கட்டி, இரண்டு மரங்களை மட்டும் படம் எடுக்க விட்டுவிடுவதே நடக்கக்கூடிய வழி.

தம்பியின் கைபேசிக்கும் ஒரு வேலை தருகிறேன். உறைபனி எத்தனை நாள் விழுந்தது, வெயில் எந்தச் சரிவில் முதலில் படுகிறது என்பதைப் பொறுத்து மேல்மலையில் மொட்டு உப்பும் நாள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆகவே நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்க என்னால் முடியாது. ஒரு மரத்தில் ஒரு கிளையைத் தேர்ந்து சிவப்புத் துணி கட்டிவிட்டு, கார்த்திகை முதல் பங்குனி வரை ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் நின்று அந்த ஒரு கிளையைப் படம் எடுத்து வரட்டும். தேதியைக் கைபேசியே வைத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுப் படங்கள் சேர்ந்துவிட்டால் உங்கள் தோட்டத்தில் எப்போது தெளிக்க வேண்டும் என்பதை என்னைவிட நீங்களே சரியாகச் சொல்வீர்கள். நோய்ப் படம் எடுக்கும்போது மட்டும் நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் வேண்டாம். உங்கள் மூன்றாவது படத்தில் பீச் பூ செம்பருத்தி நிறத்துக்கு வந்திருக்கிறது, இலையிலும் அதே போட்டால் எது நோயின் சிவப்பு என்று தெரியாது. லென்ஸில் படியும் பனியைத் துணியால் துடைத்து, நேர்வெயில் படாமல் நிழலில், இலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து எடுத்தால் கைபேசி பின்னாலிருக்கும் மலையை விட்டு இலையைத் தெளிவாகப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு தீக்குச்சி இருந்தால் அளவும் புரியும்.

உதிர்ந்த இலைகளைத் தாராளமாக மட்க வையுங்கள். இந்தப் பூஞ்சை பூண்டைத் தொடாது. அவற்றை எரிப்பதாலும் பெரிய லாபம் இல்லை, வித்து தங்கியிருப்பது மரத்தின் பட்டையிலும் மொட்டிலும்தான். சித்திரையில் இரண்டாம் துளிர் வந்ததும், மரம் முழுவதும் ஒன்று, கிளை ஒன்று, இலையின் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என்று நான்கு படங்கள் அனுப்புங்கள். துளிர் சுத்தமாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.